எந்தக் கியரில் நின்றது

பழைய கியர் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினால் பாய் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை மெதுவாகத் திருப்புவார். இன்னொரு கை பின்பக்கத் தண்டின் மேல் இருக்கும். முன்னால் எத்தனை சுற்று சுற்றினால் பின்னால் ஒரு சுற்று வருகிறது என்று விரலாலேயே எண்ணுவார். இரண்டும் சமமாகச் சுற்றினால் அது டாப் கியர். முன்பக்கம் ஜாஸ்தியாகச் சுற்ற வேண்டியிருந்தால் அதற்குக் கீழே ஏதோ ஒன்று.

“ரெண்டாவதுல நிக்குது” என்பார். கொஞ்ச நேரம் கழித்து, “பாத்துட்டான்” என்பார்.

விபத்தில் நசுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய பாக்ஸ், கடைசியாகப் போட்ட கியரிலேயே நிற்கும் என்பது அவருடைய அனுபவம். டாப்பில் நின்றால் ஓட்டியவன் எதையும் பார்க்கவில்லை, வந்த வேகத்திலேயே போய்விட்டான். கீழே இறக்கியிருந்தால் பார்த்திருக்கிறான். பிரேக்கை மிதித்து, கியரை இறக்கி, நேரம் போதாமல் போயிருக்கிறான்.

“ஆளு மௌத்தாயிடுறான். பொட்டிக்கு அது தெரியாது சார். அவன் போட்டு வெச்ச எடத்துலயே நிக்கும்.”

கியர் பாக்ஸை அவர் பொட்டி என்றுதான் சொல்வார். சிதம்பரம் புறவழிச்சாலை ஓரமாக அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. பழைய வண்டிகளுக்கு வேறு இன்ஜின், வேறு கியர் பாக்ஸ் பொருத்துவதில் அவரை மிஞ்சியவர் இந்தப் பக்கத்தில் கிடையாது. சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. வளைகுடா நாடு ஒன்றில் விபத்து வண்டிகளைப் பிரிக்கிற இடத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மெலிந்த ஆள். மூக்குக் கண்ணாடி விழாமலிருக்க டீசல் ஹோஸ் துண்டு ஒன்றைப் பின்னால் கட்டியிருப்பார். ஊரிலிருந்து தினமும் ரயிலில்தான் வருவார். பஸ் இருக்கும்போது ஏன் ஸ்டேஷனில் காத்துக் கிடக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“பஸ்ஸுல ஒக்காந்தா டிரைவர் என்ன கியர்ல போறான்னு காது தானா கேக்குது. ரயில்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. நிம்மதியா வரேன்.”

அவருக்கும் எனக்கும் பழக்கம் வந்தது என் வேலையால். நான் கடலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. விபத்து நஷ்டஈட்டு வழக்குகள்தான் எங்கள் ஆபீசில் முக்கால்வாசி. பாய் ஒரு நாள் கோர்ட்டு வாசலுக்கு வந்து, தேதி கிழித்த காலண்டர் தாள் ஒன்றை நீட்டினார். அதன் பின்பக்கம் ஒரு வண்டி எண் எழுதியிருந்தது. பழைய இரும்புக் கடையில் அந்த வண்டியின் பாக்ஸ் வந்திருக்கிறதாம்.

“இதுல ஓட்டுனவரு ஹயாத்தா, மௌத்தான்னு ஒங்க புஸ்தகத்துல பாத்துச் சொல்ல முடியுமா சார்?”

உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று கேட்கிறார். விசித்திரமான ஆள் என்று நினைத்தேன். இருந்தாலும் பார்த்துச் சொன்னேன். அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு மூன்று தாளாவது வரும், பின்னாளில் வாட்ஸ்அப்பில். எங்கள் வழக்காக இல்லாவிட்டால் வேறு குமாஸ்தாக்களைக் கேட்டுச் சொல்வேன். நான் பதில் சொல்லும்வரை அந்தப் பாக்ஸின் மேல் அவர் கை வைப்பதில்லை. முதலில் எண், அப்புறம்தான் கை. ஏன் என்று கேட்டதற்கு, “யாருன்னு தெரியாம மையத்தத் தொடுவாங்களா?” என்றார். மையத் என்றால் பிணம்.

செத்தவன் ஓட்டிய வண்டியின் பாக்ஸை வாங்க மாட்டார் என்றில்லை. வாங்குவார். ஆனால் அதை யார் வண்டியில் மாட்டுகிறாரோ அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாட்டுவார். கல்யாண சீசனுக்காக அவசரமாக வேன் தயார் செய்ய வந்த ஒருவரிடம், “இது வந்த வண்டியில ரெண்டு பேரு மௌத்து” என்று சொல்ல, அந்த மனிதர் வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வேலை செய்கிறவருக்குப் பொறுக்கவில்லை.

“வாயத் தொறக்காம மாட்டி அனுப்புனா இன்னா பாய்? இரும்புதானே?”

“மாட்டறவன் நான். ஓட்டறவன் அவரு. யாரு பக்கத்துல ஒக்காரப் போறோம்னு அவருக்குத் தெரிய வேணாமா?”

வெல்டர் அதற்கப்புறம் அன்று முழுவதும் பாயிடம் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நியூட்ரலில் நிற்கும் பாக்ஸ் வந்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். வண்டியை இழுத்துப் போகிறவர்கள் நியூட்ரலுக்குத் தள்ளியிருக்கலாம் என்று சமாதானம் சொல்வேன். சில சமயம் அவர் ஒத்துக்கொள்வார். பாலத்து இறக்கத்தில் நடந்த விபத்து என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். “டீசல மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல உருட்டியிருக்கான்” என்று முனகியபடி எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார்.

என் அண்ணனின் வேனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அண்ணனிடம் இரண்டு வேன் இருந்தன. ஒன்று வாடகைக்கு ஓடிய டீசல் வேன். அதில்தான் அவன் செத்தான். இன்னொன்று ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரி ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்தது. வெளிர் நீல நிறம், உருண்ட முகம், முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே மூடிக்குள் பெட்ரோல் இன்ஜின், ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் கம்பி. அதை ஓட வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் போன பிறகு அது சிதம்பரத்தில் அவர்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது.

அண்ணி அண்ணாமலை நகர் மாணவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஆட்டோவில் அண்டாக்களை அனுப்பி முடியவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, அந்த வண்டிய ஓட வெக்கணும். ஒங்களுக்குத் தெரிஞ்ச பாய்கிட்ட சொல்லுங்க” என்றார்.

பாய் வந்து வேனைச் சுற்றி நடந்தார், அடியில் படுத்துப் பார்த்தார். பெட்ரோல் இன்ஜின் இனி உதவாது, ஜீப்பு டீசல் இன்ஜின் இறக்கலாம் என்றார்.

“ஓட்டத் தெரியுமாம்மா?”

“நீங்க ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க பாய். ஓட்டறது என் பாடு.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போனது. வேப்பமரத்தடி மண்ணிலேயே உட்கார்ந்து குச்சியால் கோடு போட்டு அண்ணிக்கு விளக்கினார். இன்ஜின் கிடைப்பது பெரிய விஷயமில்லை, எந்தப் பொட்டி என்பதில்தான் இருக்கிறது என்றார். வேனில் இருப்பது மூன்று கியர் பொட்டி. லேத்தில் ஒரு தட்டு கடைந்து நடுவில் வைத்தால் டீசல் இன்ஜினோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்த இழுவையைத் தாங்காது, மூன்று மாதத்தில் பல் கொட்டிவிடும். இரண்டாவது, அந்த டீசல் இன்ஜினோடு பிறந்த நாலு கியர் பொட்டி. அப்படியே பொருந்தும், கியர் கம்பி ஓட்டுகிறவர் கைக்கு நேராக வரும். மூன்றாவது, சின்ன சரக்கு லாரியின் அஞ்சு கியர் பொட்டி. நெடுஞ்சாலையில் இன்ஜினுக்குச் சிரமம் இருக்காது. ஆனால் ஒரு சாண் நீளம். சட்டத்தை வெட்ட வேண்டும், பின்னால் போகிற ஷாஃப்டைக் குட்டையாக்கி பேலன்ஸ் பார்க்க வேண்டும், கம்பியும் கைக்குப் பின்னால் போய்விடும்.

“நீங்க எத சொல்றீங்க?” என்று அண்ணி கேட்டார்.

“நாலு கியர்தான். நல்லதா ஒண்ணு கெடைக்கட்டும்.”

இரண்டு வாரம் கழித்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. காலண்டர் தாள், அதில் ஒரு எண். கீழே அவர் குரல்: “முதுநகர் இரும்புக் கடையில ஒரு நாலு கியர் பொட்டி. வெளிய பாக்க நல்லா இருக்கு. பாத்து சொல்லுங்க சார்.”

அந்த எண்ணுக்கு நான் எந்தப் புத்தகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. என் அண்ணன் செத்த வேனின் எண் அது. வழக்கு முடிந்து, நசுங்கிய வேனை விற்ற பத்திரத்தில் அண்ணிக்குக் கையெழுத்து போடும் இடத்தைக் காட்டியவனே நான்தான்.

கோர்ட்டு வராந்தாவில் அந்தப் படத்தைப் பார்த்தபடி நின்றேன். உண்மையைச் சொன்னால் பாய் அந்தத் தண்டைத் திருப்புவார். திருப்பினால் எந்தக் கியர் என்று என்னிடமும் சொல்லிவிடுவார். எனக்கு அது தெரிய வேண்டாம்.

“கேஸ் எதுவும் இல்ல பாய். சும்மா ஒடச்ச வண்டியா இருக்கும்” என்று பதில் அனுப்பினேன்.

ஏன் என்றால், செத்த அன்றைக்கு அண்ணன் ஒரு சவாரியைச் சென்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு, ராத்திரி முழுக்க ஓட்டி, விடிந்ததும் செம்மண்டலத்தில் என் வீட்டுக்கு வந்தான். “ரெண்டு மணி நேரம் படுத்துட்டுப் போறேன்டா” என்று தரையில் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்தான். எனக்கு ஒரு வழக்குக் கட்டு பத்து மணிக்குள் சிதம்பரம் கோர்ட்டில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் அவனை எழுப்பினேன். அவன் டீ குடித்தான், கட்டை வாங்கி முன்சீட்டில் வைத்தான், கிளம்பினான். ஆலப்பாக்கம் தாண்டி, சாலையோரம் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் போய் மோதினான். தூக்கக் கலக்கத்தில் ஓட்டியதால் என்று வழக்கில் எழுதப்பட்டது. அந்த வரியை எங்கள் ஆபீசில் டைப் செய்தவன் நான். அவனை எழுப்பியது யார் என்று அதில் இல்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

நான் பொய் சொன்ன ஐந்தாம் நாள் பாய் போன் செய்தார்.

“சார், கொஞ்சம் கொட்டாய்க்கு வந்துட்டுப் போங்க.”

போனபோது அந்தப் பாக்ஸ் ஒரு சாக்கின் மேல் இருந்தது. பக்கத்தில், இரும்புக் கடைக்காரர் தனியே கட்டிக் கொடுத்த கியர் கம்பி. அதை எடுத்து என்னிடம் நீட்டினார். முன்பக்கமாக வளைந்திருந்தது.

“ஓட்டறவரு முட்டி வந்து மோதுனாத்தான் இது இப்படி வளையும். சும்மா ஒடச்ச வண்டி இல்ல சார் இது.”

நான் கம்பியைச் சாக்கின் ஓரத்தில் வைத்தேன்.

“இத்தன வருஷமா ஒங்க பேச்ச நம்பித்தான் கைய வெக்கறேன்.” அவர் குரலில் கோபம் இல்லை. “யாரு சார் இது?”

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் என்பதையும், எழுப்பி அனுப்பியதையும். முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறேன் என்பதும் சொல்லும்போதுதான் தெரிந்தது. பாய் கண்ணாடியைக் கழற்றி பனியனில் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவுங்கள வரச் சொல்லுங்க.”

“வேணாம் பாய். அவங்களுக்குத் தெரியவே வேணாம்.”

“அவுங்க வண்டி. அவுங்க புருஷன். நீங்களும் நானும் யாரு?”

அண்ணி ஸ்கூட்டியில் வந்தார். சமையல் கை, மஞ்சள் கறை காயவில்லை. பாய் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, இது எந்த வண்டியின் பொட்டி என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அண்ணி அதைப் பார்த்தார். தொடவில்லை. பாயின் பழக்கம் அவருக்கும் தெரியும். நானே கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

“எந்தக் கியர்ல நிக்குது பாய்?”

“நாலாவதும்மா. டாப்பு.” பாய் தரையைப் பார்த்துச் சொன்னார். “அவரு எதையும் பாக்கல. பயம் இல்லாம போயிருக்காரு. தூக்கத்துலயே.”

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் ஒருமுறை குலுங்கி நின்றது. பிறகு, பல நாள் தூக்கிவந்த எதையோ இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். “அது போதும்” என்றார். “அந்த லாரிய அவரு பாத்தாரா பாத்தாரான்னு தெனம் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

எனக்கு அந்தக் கொட்டகையில் நிற்க முடியவில்லை. அண்ணியை ஆற்றிய அதே சொல்தான் எனக்குத் தீர்ப்பு. தூங்கிவிட்டான். நான் தூங்க விடாததால் தூங்கிவிட்டான்.

“இத மாட்டட்டுமா, வேணாமாம்மா? பொட்டியில கொற ஒண்ணும் இல்ல.”

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “வேணாம் பாய். ஒவ்வொரு தடவ கியர் போடறப்பவும் இதையே நெனச்சிக்கிட்டு இருப்பேன். நான் ரோட்டப் பாக்கணும். அந்த அஞ்சு கியரே போடுங்க. கம்பி பின்னாடி இருந்தா இருக்கட்டும்.”

அண்ணியின் ஸ்கூட்டி சத்தம் முழுசாக அடங்கும்வரை பாய் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, “ஒக்காருங்க சார்” என்று பாக்ஸின் முன் என்னை உட்கார வைத்தார். என் வலது கையை எடுத்து முன்தண்டில் வைத்தார், இடது கையைப் பின்தண்டில்.

“சுத்துங்க.”

சுற்றினேன். முன்பக்கம் ஒரு சுற்று முடிந்தது. பின்பக்கம் இன்னும் முடியவில்லை. இன்னும் அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் அது ஒரு சுற்றைத் தொட்டது. மறுபடி சுற்றினேன். மறுபடி ஒன்றரை.

“மூணாவது” என்றார் பாய். “அந்த ரோட்டுல, அந்நேரத்துல, மூணாவதுல எவன் போவான்? பாத்துட்டாரு சார். பிரேக் அடிச்சி கியர எறக்கியிருக்காரு. தூங்கல.”

கையை எடுக்க எனக்குத் தெரியவில்லை. தண்டைப் பிடித்தபடியே அழுதேன். அண்ணன் முழித்திருந்தான் என்பதில் முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைத்துப் பயனில்லை. அதற்குப் பின்னால்தான் அவன் முகம் வந்தது. லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்க்கிற முகம். இன்றைக்கும் அது போகவில்லை.

“அவங்ககிட்ட ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?”

“அவுங்க தெனம் ரோட்டுல வண்டி ஓட்டணும்.” எழுந்து போய்க் கை கழுவினார். மரத்தூளும் மண்ணெண்ணெயும் போட்டு, முழங்கைவரைக்கும் தேய்த்துக் கழுவினார். பொட்டி விஷயத்தில் அவர் பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறொன்று தோன்றியது. என் பயம் என்னவென்று நான் முதலிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். அண்ணி வந்துசேர அரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் நான் வெளியே வெயிலில் நடந்துகொண்டிருந்தேன், பாய் உள்ளே பாக்ஸோடு தனியாக இருந்தார். நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஒரு தட்டுத் தட்டினால் போதும். அண்ணிக்கு எது வேண்டுமோ அதை அண்ணிக்கும், எனக்கு எது வேண்டுமோ அதை எனக்கும் கொடுத்தாரா? யாரிடம் சொன்னது பொய்? பலமுறை கேட்க வாயெடுத்து, கேட்காமலே திரும்பியிருக்கிறேன்.

அஞ்சு கியர் பொட்டியோடு நீல வேன் ஓடத் தொடங்கியது. இன்ஜின் மாற்றத்துக்கான ஆர்.டி.ஓ. காகிதங்களை நான் பார்த்துக்கொண்டேன். அண்ணி ஒரு மாதத்தில் பழகிவிட்டார். ஆனால் பாயிடமிருந்து எனக்கு அதன் பிறகு காலண்டர் தாள் வரவேயில்லை. எந்தப் பொட்டி வந்தாலும், கை வைப்பதற்கு முன்னால் நீளமான ஒரு திருப்புளியை உள்ளே விட்டு நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார் என்று வெல்டர் சொன்னார். நியூட்ரலைக் கண்டால் முகம் கழுவப் போன மனிதர். ஒரு முறை நான் போயிருந்தபோது என் முன்னாலேயே அதைச் செய்தார். என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் வண்டியின் பாக்ஸை என்ன செய்தார் என்று நானும் கேட்கவில்லை. கொட்டகையில் அது இல்லை.

போன வருடம் பாய் பரங்கிப்பேட்டையில் காலமானார். நெஞ்சுவலி. நானும் அண்ணியும் வேனிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அவர் மனைவி ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் அண்ணியைக் காட்டி, “இந்தத் தங்கச்சி வண்டியப் பத்தித்தான் அவுங்க அடிக்கடி பேசுவாங்க” என்றார். என்ன பேசுவார் என்று எங்கள் இருவருக்குமே கேட்கத் துணிவு வரவில்லை.

திரும்பும்போது முட்லூரில் என்னை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அங்கிருந்து எனக்குக் கடலூர் பஸ். ஊரைத் தாண்டி இருபுறமும் வயல் வந்ததும் சொன்னேன்.

“அண்ணி, அன்னைக்கி தூங்கிட்டு இருந்த அண்ணன எழுப்பி அனுப்புனது நான்தான்.”

அண்ணி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும் தம்பி. ஒங்க வீட்டுலேருந்து கெளம்பறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணாரு. தம்பி ஒரு கட்டு குடுக்கறான், கோர்ட்டுல குடுத்துட்டு வந்து படுக்கறேன்னாரு.”

“இத்தன வருஷம் நீங்க ஒண்ணுமே சொல்லலியே.”

“நானாவது, போவாதீங்க, படுத்துத் தூங்குங்கன்னு சொல்லியிருக்கலாம். வர்ற வழியில மீனு வாங்கிட்டு வாங்கன்னுதான் சொன்னேன்.” கியர் மாற்ற வேண்டியிருந்தது, கையைப் பின்னால் கொண்டுபோய் மாற்றினார். “தூக்கத்துலயே போயிட்டாருன்னு பாய் சொன்னாரு பாருங்க. அந்தத் தெம்புலதான் நான் இந்த சீட்டுல ஒக்காந்து இருக்கேன்.”

கொஞ்ச தூரம் போனோம்.

“அவரு நெசத்தத்தானே தம்பி சொன்னாரு?”

“நெசந்தான் அண்ணி” என்றேன்.

முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போனது. முந்திப் போக இடம் இருந்தது. அண்ணி முந்தவில்லை. முட்லூர் வரும்வரை அதன் பின்னாலேயே, இடைவெளி விட்டு, மெதுவாக வந்தார்.